குர்ச்சி மேஸ்திரியும் ஹாலில் நிற்கும் ஃப்ரிட்ஜும்

பெங்களூரில் வீட்டை இடிக்கத் தெரிந்தவர்கள் லட்சம் பேர் இருப்பார்கள். இடிக்கச் சொன்ன வீட்டில் மூன்று நாள் சும்மா உட்கார்ந்திருக்கத் தெரிந்தவர் ஒரே ஒருவர்தான். அந்தப் புண்ணியவான் இவ்வளவு பெரிய ஊரில் வேறு வீடே கிடைக்காமல் என் வீட்டுக்கு வந்து சேர்ந்தார்.

அவர் சொந்தப் பெயர் எனக்கு இன்றுவரை தெரியாது. ஸ்ரீராம்புரத்திலிருந்து மொபெட்டில் வருவார். கரணை, மண்வெட்டி, சாந்துச் சட்டி எல்லாம் ஆட்கள் எடுத்துவருவார்கள். அவர் எடுத்துவருவது ஒரு சிவப்பு பிளாஸ்டிக் நாற்காலி மட்டும். நாற்காலிக்கு எங்கள் ஊர்ப் பேச்சில் குர்ச்சி என்று பெயர். அதனால் அவர் குர்ச்சி மேஸ்திரி.

தொம்மலூரில் அப்பா கட்டிய வீடு எங்களுடையது. அப்பா போன பிறகு நான், மனைவி ஷாலினி, அம்மா மூன்று பேர்தான். போன வருஷம் ஷாலினிக்கு ஓர் ஆசை வந்தது. ஆசை என்று சொன்னால் அவளுக்குக் கோபம் வரும், அது 'விஷன்'. ரியா என்று ஒரு டிசைனர் பெண்ணைக் கூட்டிவந்தாள். அந்தப் பெண் டேப்லெட்டைத் திறந்து, "உங்க வீட்ட ஒரு வார்ம், மாடர்ன் கிளாசிக் சாங்ச்சுவரியா மாத்திடலாம்" என்றது. எனக்கு அதில் 'உங்க வீட்ட' மட்டும் புரிந்தது. தலையை ஆட்டினேன்.

முதல் நாள் மேஸ்திரி வந்தார். ஹால் நடுவில் குர்ச்சியைப் போட்டார். உட்கார்ந்தார். பதினொன்றரைக்கு எழுந்து டீ குடித்தார். மறுபடி உட்கார்ந்தார்.

"எப்ப மேஸ்திரி ஆரம்பிப்பீங்க?" என்றேன்.

"ஆரம்பிச்சாச்சே சார்."

"என்ன ஆரம்பிச்சிருக்கு?"

"பாத்துனு இருக்கேன்ல? மூணு நாள் உக்காராம நான் எந்த வீட்லயும் கை வெக்கறதில்ல சார். டாக்டர் கூட நாடி புடிச்சிட்டுதான கத்தி எடுக்கறாரு?"

இரண்டு மணிக்கு வெயில் எங்கே விழுகிறது என்று பார்ப்பதற்காக அங்கேயே படுத்துத் தூங்கினார். அந்தக் குறட்டையில் என் ஆபீஸ் மீட்டிங்கில் இருந்த ஒருவர், உங்கள் பக்கம் டிரில்லிங் வேலை நடக்கிறதா என்று விசாரித்தார். வேலை நடக்கிறது என்றுதான் சொன்னேன்.

உட்காருவதோடு விட்டாரா? கேள்வி வேறு. "சார், மேடம் கூட சண்டை வந்தா எந்த ரூமுக்குப் போவீங்க?" என்று ஷாலினியை வைத்துக்கொண்டே கேட்டார்.

"எங்களுக்குள்ள சண்டையே வராது" என்றேன்.

"பாத்ரூம்" என்றாள் ஷாலினி. "உள்ள போய் தாழ்ப்பாள் போட்டுக்குவாரு. அரை மணி நேரம் ஆகும்."

மேஸ்திரி காதிலிருந்த பென்சிலை எடுத்து, பாத்ரூம் கதவில் ஏதோ குறித்துக்கொண்டார். எனக்கு மானமே போனது.

ரியாவின் படங்களையும் அவர் விடவில்லை. ஜன்னலோரம் 'ரீடிங் நூக்' என்று ஒரு மூலை இருந்தது.

"இங்க யாரு மேடம் படிப்பாங்க?"

எங்கள் வீட்டில் கடைசியாக முழுசாகப் படிக்கப்பட்டது கரண்ட் பில். டிவிக்குக் கீழே சுவரில் பதிக்கிற மாதிரி ஒரு கரண்ட் கணப்பு அடுப்பு இருந்தது. பொய் நெருப்புதான், ஆனால் எரிகிற மாதிரியே தெரியும்.

"இது எதுக்கு?"

"வார்ம் ஃபீலுக்கு" என்றாள் ரியா.

"ஏப்ரல் மாசத்துலயுமா மேடம்?"

ரியா என்னைப் பார்த்தாள். நான் கூரையைப் பார்த்தேன்.

மூன்றாம் நாள் குர்ச்சி சமையலறைக்குப் போனது. அங்கே பின்பக்கம் ஒரு சின்ன ஜன்னல் உண்டு. அதற்கு நேர் எதிரே, கை நீட்டினால் தொடும் தூரத்தில், பக்கத்து வீட்டுக் கௌரம்மாவின் சமையலறை ஜன்னல். தினமும் பதினோரு மணிக்கு இரண்டு ஜன்னலும் திறக்கும். கௌரம்மா கன்னடத்தில் பேசுவார், அம்மா தமிழில் பதில் சொல்வார். முப்பது வருஷமாக இருவரும் அடுத்தவர் பாஷைக்குள் ஓர் அடி எடுத்துவைத்ததில்லை, ஒரு சொல்லும் புரியாமல் போனதும் இல்லை.

"ஊட்டா ஆய்தா?" என்பார் கௌரம்மா.

"இனிமேதான் சாப்பிடணும். இன்னைக்கு என்ன ரசம் வெச்சிருக்க?" என்பார் அம்மா.

உடனே ஒரு கிண்ணம் இங்கே வரும், ஒரு கிண்ணம் அங்கே போகும். வீட்டிலிருந்து வேலை பார்க்கும் எனக்கு அது ஒரு தொந்தரவு, அவ்வளவுதான். ரியாவின் படத்தில் அந்த ஜன்னல் அடைபட்டு, அந்த இடத்தில் இரண்டு கதவு ஃப்ரிட்ஜ் நின்றது. காற்றுக்கு சிம்னி இருக்கிறதே என்றார்கள். நானும் கையெழுத்துப் போட்டேன்.

அன்று மேஸ்திரி அம்மாவிடம் கேட்டார். "நீங்க எங்கம்மா உக்காருவீங்க?"

அம்மா, "எனக்கென்னப்பா, எங்கயாச்சும்" என்று சொல்லிவிட்டு, அடுப்பு மேடையைத் துடைத்துக்கொண்டிருந்தார். துடைத்த இடத்தையே திரும்பத் திரும்பத் துடைத்தார்.

சாயங்காலம் அம்மா என்னிடம் வந்தார். "வேலை முடியற வரைக்கும் வேலூர்ல உங்க அக்கா வீட்ல இருக்கேன்டா. உங்களுக்குப் புடிச்ச மாதிரி கட்டிக்கோங்க. நான் வந்து பாத்துட்டுப் போறேன்."

வந்து பார்த்துவிட்டுப் போகிறேன். சொந்த வீட்டைப் பற்றி யாராவது அப்படிச் சொல்வார்களா? ஏன் என்று கேட்க எனக்குத் தைரியமில்லை. கேட்டால் பதில் வந்துவிடுமே! பஸ் ஏற்றிவிட்டு வந்தேன். நாங்கள் இருவரும் ஜீவனஹள்ளியில் ஒரு வாடகை வீட்டுக்கு மாறினோம்.

வாரம் ஒருமுறை போனில், "எப்பம்மா வரீங்க?" என்பேன். "பாக்கலாம்" என்பார். 'பாக்கலாம்' என்றால் எங்கள் வீட்டில் இல்லை என்று அர்த்தம். அப்பாவிடம் நான் சைக்கிள் கேட்ட காலத்திலிருந்தே அப்படித்தான்.

வேலை ஓடியது. வரிவரியாகக் கோடு போட்ட மரப்பலகை வந்தது, பித்தளைக் கைப்பிடிகள் வந்தன, பொய் நெருப்பு வந்தது. சமையலறையை மட்டும் மேஸ்திரி தள்ளிக்கொண்டே போனார். கேட்டால், "அது கடைசில சார்" என்பார். கிரகப்பிரவேசத்துக்கு நாள் குறித்து, பத்திரிகையும் கொடுத்த பிறகு ஒரு சனிக்கிழமை போய்ப் பார்த்தால், சமையலறை முடிந்திருந்தது.

ஜன்னல் அடைபடவில்லை. முன்னைவிட ஒரு முழம் அகலமாகியிருந்தது. கீழே கிரானைட்டில் ஒரு திட்டு, இரண்டு கிண்ணம் தாராளமாக வைக்கலாம். பக்கத்தில் ஆள் உட்காரும் உயரத்தில் இன்னொரு திட்டு. ஃப்ரிட்ஜுக்கு இடமே இல்லை.

ரியா போட்ட சத்தத்தில் தெருவில் நாய்கள் எழுந்து நின்றன. "என்ன பண்ணி வெச்சிருக்கீங்க?"

மேஸ்திரி படத்தை எடுத்து நிதானமாகப் பார்த்தார். "அடடா! தலைகீழா புடிச்சிட்டேன் மேடம். கண்ணு சரியில்ல."

"முப்பது வருஷ சர்வீஸ்னு சொன்னீங்களே!" என்று நானும் கத்தினேன்.

"அதான் சார், முப்பது வருஷமா பாத்துப் பாத்துக் கண்ணு போச்சு."

அவர் கணக்குப்படி, தலைகீழாகப் பார்த்தால் ஃப்ரிட்ஜ் சமையலறைக் கதவு இருக்கும் இடத்துக்கு வருகிறது. அங்கே வைத்தால் யாரும் உள்ளே நுழைய முடியாது. இடித்துக் கட்டவும் நாளில்லை. எனவே ஃப்ரிட்ஜ் ஹாலுக்கு வந்தது. மாடர்ன் கிளாசிக் சோபாவுக்கும் பொய் நெருப்புக்கும் நடுவில் கம்பீரமாக நின்றது. ரியா தன் இணையப் பக்கத்தில் போடுவதற்காக எடுத்த படங்களில் அந்த மூலையை மட்டும் வெட்டிவிட்டாள்.

நான் மேஸ்திரியை வாய்க்கு வந்தபடி திட்டினேன். நாளையிலிருந்து வரவேண்டாம் என்றேன். அவர் முகம் சுளிக்கவில்லை. மொபெட்டை உதைத்துக்கொண்டே, "அம்மா எப்ப சார் வராங்க?" என்றார்.

"அது உங்களுக்கு எதுக்கு?"

"சும்மா கேட்டேன் சார்."

கிரகப்பிரவேசத்துக்கு அம்மா வந்தார். கையில் ஒரு துணிப்பை, அதில் இரண்டு புடவை. பையை வாசலிலேயே வைத்தார். ஹாலைச் சுற்றிப் பார்த்தார். "நல்லாருக்கும்மா" என்று ஷாலினியிடம் சொன்னார், ஆஸ்பத்திரியில் நோயாளியைப் பார்க்கப் போனவர்கள் சொல்கிற குரலில். பொய் நெருப்பைக் கண்டு, "ஏன்டி, அடுப்ப ஹால்ல வெச்சுட்டா உள்ள என்னத்துல சமைப்ப?" என்றார்.

பால் காய்ச்ச உள்ளே போனோம். அம்மா சமையலறை வாசற்படியிலேயே நின்றுவிட்டார். ஜன்னலைப் பார்த்தார், திட்டைப் பார்த்தார். மெதுவாகப் போய் அதில் உட்கார்ந்தார். அளவெடுத்துக் கட்டியது மாதிரி இருந்தது. மேஸ்திரி அளவெடுத்துத்தான் கட்டியிருக்கிறார் என்பது அப்போதுதான் இந்த மரமண்டைக்கு உறைத்தது. அவர் குர்ச்சியில் உட்கார்ந்து மூன்று நாளில் பார்த்ததை, நான் முப்பது வருஷம் அதே வீட்டில் இருந்தும் பார்க்கவில்லை.

எதிர் ஜன்னல் திறந்தது. வளையல் கை ஒன்று ஒப்பட்டு, அதாவது போளி, வைத்த தட்டை நீட்டியது.

"ஏன்ரீ, ஊரு சுத்தி முகீதா?"

"முடிஞ்சுது கௌரம்மா" என்றார் அம்மா. "இனிமே எங்கயும் போகல."

பால் பொங்கி வழிந்தது. யாரும் அடுப்பை அணைக்கவில்லை. நான் வெளியே போய் மேஸ்திரிக்குப் போன் போட்டேன். மன்னிப்புக் கேட்கத்தான் நினைத்தேன், வாயில் வந்தது வேறு.

"மேஸ்திரி, நாளைக்கு மத்தியானம் சாப்பிட வாங்க."

"யாரு சார் சமையல்?"

"அம்மாதான்."

"அப்ப வரேன் சார்" என்றார்.

வந்தார். அம்மா பரிமாறப் பரிமாற, வேண்டாம் என்று ஒருமுறைகூடச் சொல்லாமல் சாப்பிட்டார். பார்த்துக்கொண்டே நின்றேன். அந்த மனிதர் நூறு வருஷம் நன்றாக இருக்கவேண்டும்.