முதல் ஆல்பத்துக்காரர்

முதல் ஆல்பத்துக்காரர் என்றொரு இனம் உண்டு. எந்த இசைக்குழுவின் பெயரைச் சொன்னாலும் கண்ணை லேசாக மூடி, தலையை ஒரு பக்கம் சாய்த்து, "அவங்க முதல் ஆல்பம் கேட்டிருக்கீங்களா?" என்பார்கள். கேட்டிருக்கிறேன் என்றால் முகம் வாடிவிடும். கேட்டதில்லை என்று சொல்லுங்கள், புண்ணியமாய்ப் போகும்.

அந்த இனத்தில் ஒருவருக்குக் காது மருத்துவமனையில் வேலை. சத்தம் புகாத கண்ணாடி அறைக்குள் ஆளை உட்காரவைத்து, ஹெட்போனை மாட்டி, வெளியிலிருந்து 'கீ' என்று ஒலி அனுப்புவார். கேட்டால் உள்ளே இருப்பவர் பொத்தானை அழுத்த வேண்டும். காலையெல்லாம் மற்றவர்களின் காதைச் சோதித்துவிட்டு, மத்தியான இடைவேளையில் அதே அறைக்குள் போய்த் தன் காதைக் கெடுத்துக்கொள்வார்.

எதைக் கேட்டு? மெட்டல் இசையிலேயே மிகக் கடூரமான வகை தலையெடுத்த காலத்தில், மூன்று விடலைகள் ஒரு கார் கொட்டகையில் இரண்டே நாளில் பதிவு செய்த ஆல்பத்தை. தகர டப்பாக்கள் மாடிப்படியில் உருள்வதுபோல் டிரம்ஸ், மரம் அறுக்கும் மில்லைப்போல் கிட்டார், இரண்டுக்கும் நடுவே பல்வலிக்காரர் ஒருவர் கிணற்றுக்குள்ளிருந்து ஊரையே சபிப்பதுபோல் ஒரு குரல். மூன்றாவது பாட்டில் யாரோ இருமுவார்கள். அந்த இருமலைப் பற்றி மட்டுமே அவரால் அரைமணி நேரம் பேச முடியும். பேசியும் இருக்கிறார், ஒரு கல்யாணத்தில், மாப்பிள்ளையிடம்.

அதே குழு பின்னால் நல்ல ஒலிப்பதிவுக் கூடத்தில் பதிவு செய்ததையெல்லாம் பற்றிக் கேட்டால் ஒரே தீர்ப்புதான்: "சுத்தமா இருக்கும்." மற்றவர்கள் சொன்னால் பாராட்டு, இவர் வாயில் அது ஏச்சு. ஆல்பம் வெளிவந்த அன்றைக்கே கேட்டதாகவும் பீற்றிக்கொள்வார். "அப்ப உங்களுக்கு நாலு வயசு" என்று மனைவி விருந்தாளிகள் முன்னால் கணக்குச் சொன்னதிலிருந்து வருஷத்தை மட்டும் விழுங்கிவிட்டுப் பேசுகிறார்.

இவருக்குப் பதினேழு வயதில் ஒரு மகள். அவளும் இரண்டு தோழிகளும் ஒரு வீட்டு மொட்டைமாடித் தண்ணீர்த்தொட்டி அறையில் நாலு பாட்டுகளைப் போனிலேயே பதிவு செய்தார்கள். மறுநாள் மத்தியானம் மகள் நேரே மருத்துவமனைக்கு வந்தாள். "இன்னும் யாருக்கும் போட்டுக் காட்டலைப்பா. நீங்கதான் முதல்" என்றாள். அவரைக் கண்ணாடி அறைக்குள் அனுப்பிவிட்டு, அவருடைய நாற்காலியில் உட்கார்ந்து, கண்ணாடி வழியே அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

உள்ளே நம்மவர் என்ன செய்தார்? காகிதத்தை எடுத்தார். குரல் அமுங்குகிறது, கிட்டார் சுருதி விலகுகிறது, டிரம்ஸ் முந்தி ஓடுகிறது, நாலாவது பாட்டில் வாளி விழுகிறது என்று பதினோரு நிமிடத்தில் ஒன்பது குறைகளை எண் போட்டு எழுதி, வெளியே வந்து நீட்டினார்.

"நல்ல முயற்சிம்மா. ஆனா கொஞ்சம் சுத்தமா பதிவு பண்ணணும்."

மகள் காகிதத்தை நாலாக மடித்துப் பையில் வைத்துக்கொண்டு "சரிப்பா" என்றாள். சண்டை போட்டிருந்தால் பிழைத்திருப்பார்.

அன்று சாயங்காலம் இதையெல்லாம் மனைவியிடம் பெருமையாகவே சொன்னார். துணிக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்த அம்மாள் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு, "சுத்தமாவா? நீங்களா சொன்னீங்க?" என்று கேட்டார். அப்போதுதான் உறைத்தது. மகளிடம் சொல்ல வேண்டியதைத் தினமும் காலையில் முகச்சவரம் செய்யும்போது ஒத்திகை பார்ப்பார். முகத்தைத் துடைக்கும்போது அதையும் சேர்த்துத் துடைத்துவிடுவார். இப்படியே மூன்று வாரம் ஓடியது.

அதற்குள் பெண்கள் எல்லாவற்றையும் மறுபடி பதிவு செய்துவிட்டார்கள். ஒன்பது குறைகளும் தீர்ந்திருந்தன. ஒவ்வொரு சொல்லும் புரிந்தது. கஞ்சி போட்ட பள்ளிச் சீருடைபோல் விறைப்பாக இருந்தது. கேட்டு முடித்து ஹெட்போனைக் கழற்றினார்.

"நல்லா இருக்கு" என்றார். பிறகு தயங்கி, "அந்த முதல் பதிவை இன்னொரு தடவை கேக்கலாமா?" என்றார்.

"அழிச்சிட்டேன்பா. அவங்களும் அழிச்சிட்டாங்க. உங்க லிஸ்டைச் சேர்ந்து படிச்சோம். வெக்கமா இருந்துச்சு."

ஒத்திகை பார்த்த ஒரு வார்த்தையும் வாயில் வரவில்லை. உண்மைதான் வந்தது. "அந்த இருமல் ஆல்பத்தை முதல் தடவை ரெண்டாவது பாட்டுலயே நிறுத்திட்டேன்மா. கேசட் கடைக்காரர் பிரமாதம்னு சொன்னாருன்னு மறுபடி மறுபடி கேட்டேன். பிடிக்கிறதுக்கு ரெண்டு வருஷம் ஆச்சு. உங்களுக்குப் பதினோரு நிமிஷம்தான் குடுத்தேன். தப்பு என்னுது."

மகள் "அந்த வாளி நான் தட்டிவிட்டதுப்பா" என்று சிரித்துவிட்டாள்.

இப்போது அவர்கள் ஆறு புதுப்பாட்டுகள் தயார் செய்கிறார்கள். முடியும்வரை அப்பாவுக்குப் போட்டுக் காட்டுவதில்லை என்று மூவரும் தீர்மானம் போட்டிருக்கிறார்கள். அவரும் ஒப்புக்கொண்டார். திருந்திவிட்டாரா என்றால், மருத்துவமனையில் அகப்பட்டவர்களிடமெல்லாம், "என் பொண்ணோட அந்த முதல் பதிவை நீங்க கேட்டிருக்கணும்" என்று சொல்லிக்கொண்டிருக்கிறார். தனியாக உட்கார்ந்து நினைத்துப் பார்த்தால் ஒரு மெட்டும் ஞாபகம் வருவதில்லை. ஒன்பது குறைகள்தாம் வரிசையாக வருகின்றன.

சிரிக்கிறீர்களா? தாராளமாகச் சிரியுங்கள். எனக்கு ஒரே ஒரு சந்தேகம். இதைப் படித்து முடித்த கையோடு, 'இந்த ஆள் ஆரம்பத்தில் எழுதியதெல்லாம் இதைவிட நன்றாக இருந்ததே' என்று உங்களுக்குத் தோன்றியதா? தோன்றியிருந்தால் கூச்சப்படாதீர்கள். நம் இனத்துக்கு நல்வரவு.