என்னைப் பார்த்து உங்கள் வழியில் போங்கள்

தனிவழி போய் வென்றவர் என்றொரு இனம் உண்டு. மன்னார்க் கரையில் மட்டும்தான் என்று நினைக்காதீர்கள். அரசாங்கக் கந்தோர்களிலும் கல்யாண வீடுகளிலும் பரவலாகக் காணலாம். ஒரு காலத்தில் ஊர் முழுக்க ஒரு பக்கம் போக, இவர் மறுபக்கம் போயிருப்பார். போய் வென்றும் இருப்பார். அதில் பொய் எதுவும் இல்லை. தொல்லை, வென்ற பிறகுதான் தொடங்குகிறது.

எப்படி அடையாளம் காண்பது? சுலபம். மேடை கண்டால் ஏறுவார். ஏறினால், "ஆரையும் பாத்துச் செய்யாதேங்கோ! நான் ஆரையும் பாத்தே செய்தனான்? என்னைப் பாருங்கோ!" என்பார். எல்லோரும் பார்ப்போம். வேறு வழி?

எங்கள் அரிப்புக் கிராமத்தில் எங்களுக்கு வாய்த்தவர், படகும், கரையில் மீன் காயவைக்கும் கொட்டிலான வாடியும் சொந்தமாக உள்ள பெனடிக்ற் சம்மாட்டியார். ஊரெல்லாம் கடற்கரை மணலில் பாய் விரித்துக் கருவாடு காயவைத்த நாளில், கம்பு நட்டு, பழைய வலையை இழுத்துக் கட்டி, பந்தல் போட்டு அதன்மேல் காயவைத்தவர் அவர்தான். "மீனுக்குக் கட்டில் போடுறான்" என்று ஊர் சிரித்தது. மணல் ஒட்டாத கருவாட்டைக் கொழும்பு வாங்கத் தொடங்கியதும் சிரிப்பு நின்றது. இன்று கரை நெடுக அந்தப் பந்தல்தான். உயரம் நெஞ்சளவு. யாருடைய நெஞ்சு என்று கேட்கிறீர்களா? அவருடையது. அவர் நல்ல நெடுவல். அவருடைய வாடியில் வேலை செய்யும் பெண்கள் மீன்பெட்டியைக் கவிழ்த்து, அதில் ஏறி நின்றுதான் மீனைப் புரட்டுகிறார்கள். பந்தலைக் கொஞ்சம் பதித்துக் கட்டினால் என்ன என்று அவர்களில் ஒருவரான மாக்கிறட் அக்கா ஒருமுறை கேட்டார். "அப்ப நானும் ஊருக்குப் பயந்து பதிச்சிருந்தால்?" என்று சம்மாட்டியார் திருப்பிக் கேட்டார். அக்கா பெட்டியில் ஏறினார்.

சோழகக் காற்று வீசிக்கொண்டிருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை, கோயில் மண்டபத்தில் பட்டதாரிகளுக்குப் பாராட்டு. எங்கள் வீட்டில் பட்டம் வாங்கிய முதல் ஆள் நான். சம்மாட்டியாரின் பெறாமகள், அதாவது அண்ணன் மகள் டினோஜாவும் அவர்கள் வீட்டில் அப்படியே. எங்களுக்கு மாலை. ஒலிவாங்கி சம்மாட்டியாருக்கு.

"உங்கட வழியில போங்கோ பிள்ளையள். என்ன உதவி வேணுமெண்டாலும் என்னட்டக் கேளுங்கோ!"

டினோஜா அங்கேயே எழுந்து கேட்டுவிட்டாள். இப்படிச் சொல்பவர்களிடம் யாரும் உண்மையில் கேட்பதில்லை என்பதைப் பல்கலைக்கழகத்தில் சொல்லித் தருவதில்லை.

அவளுக்கு வேண்டியது, பூட்டிக் கிடக்கும் அவருடைய பழைய வாடி. அங்கே பிளாஸ்ரிக் தாளால் கூடாரம் போட்டு, ஈ மொய்க்காமல், உப்பைக் குறைத்துக் கருவாடு போடப் போகிறாள். உப்புக்குளத்தில் கடை வைத்திருக்கும் பைசர் வாங்கச் சம்மதித்திருந்தார். ஆனால் மாரி மழைக்கு முன் முதல் கருவாடு அவர் கடைக்குப் போகவேண்டும். இல்லையென்றால் வேறு ஆளைப் பார்த்துக்கொள்வார். கரையில் வேறு இடமும் இல்லை.

"தாறன் பிள்ளை. உன்ர விருப்பம்போலச் செய். கூடாரம் மட்டும் வேண்டாம்."

"அதுதானே சித்தப்பா என்ர வழி."

"ஓமோம், உன்ர வழிதான். பந்தலில போடு. உப்பைக் குறைக்காத. மற்றதெல்லாம் உன்ர விருப்பம்."

"மற்றது எண்டு என்ன இருக்குச் சித்தப்பா?"

அவர் யோசித்தார். "பேர். பேரை நீ வை." பிறகு பெருந்தன்மையோடு, "பெனடிக்ற் எண்டு வைச்சாலும் நான் கோவிக்கமாட்டன்."

மண்டபம் சிரித்தது. டினோஜா சிரிக்கவில்லை.

"அந்த நாளில பந்தல் போட ஆரிட்டக் கேட்டனீங்கள்?"

"ஆரிட்டயும் இல்லை!" அவருடைய நெஞ்சு நிமிர்ந்தது. "ஊரே வேண்டாமெண்டது. நான் கேக்கேல்லை."

"இப்ப நீங்கள் வேண்டாமெண்டுறீங்கள். நானும் கேக்கேல்லை. கூடாரம்தான் போடப்போறன். வாடியைத் தாறீங்களோ, இல்லையோ?"

ஒலிவாங்கி வாயருகே இருந்ததால், அவர் மூச்சு விடுவது மண்டபம் முழுக்கக் கேட்டது. கொடுத்தால் பந்தல் போகும். மறுத்தால் பேச்சுப் போகும். இந்த இனத்துக்கு எது உயிர் என்று நான் சொல்லவும் வேண்டுமா?

"பாத்தீங்களோ!" என்று கத்தினார். "அப்பிடியே என்னை மாதிரி!"

வாடி கிடைத்தது. மாரிக்கு முன்பே கருவாடு பைசர் கடைக்குப் போய், விற்றும் தீர்ந்தது. இப்போது பின்னேரங்களில் சம்மாட்டியார் கூடாரத்தின் முன் கதிரை போட்டு இருந்துகொண்டு, தன் வழி எவ்வளவு தூரம் வந்துவிட்டது என்று வருவோர் போவோருக்குக் காட்டுகிறார். டினோஜா மறுத்துப் பேசுவதில்லை. அவளுக்கு வேலை கிடக்கிறது.

சரி, நீங்கள்? டினோஜா கேட்டதை வாசித்தபோது, 'சபையில் வைத்துக் கேட்டிருக்கக்கூடாது, நானென்றால் முதலில்...' என்று உங்களுக்குள் ஒரு வசனம் தொடங்கியதா? தொடங்கியிருந்தால் பெரிதாகக் கவலைப்படவேண்டாம். வீட்டில் பிள்ளையைக் கூப்பிட்டு, இந்தக் கதையைச் சொல்லி, "எங்கட அயலுக்குள்ளயும் இப்பிடி ஒரு ஆள் இருக்கு, தெரியுமோ?" என்று சிரித்துக்கொண்டு கேட்டுப் பாருங்கள்.

பிள்ளை உங்களைப் பார்த்து, மிகவும் மரியாதையாக, "ஓமப்பா" என்று சொல்லும்.