எத்தனை ஜிபி ஓடியது என்று கேட்பவர்

ஐயா, அம்மா, இன்று உங்களுக்கு ஓர் இனத்தை அறிமுகப்படுத்தப் போகிறேன். நாலைந்து பேர் சேர்ந்து வாடகைக்கு எடுத்த அலுவலக அறை எங்கெல்லாம் இருக்கிறதோ, அங்கெல்லாம் இந்த இனத்தில் ஒருவர் கட்டாயம் இருப்பார். அவரை யாரும் நியமித்திருக்க மாட்டார்கள். அதனாலேயே யாராலும் நீக்கவும் முடியாது. பொது வைஃபையில் யார் எவ்வளவு இழுக்கிறார்கள் என்று கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்ப்பது அவர் தாமாகத் தலையில் போட்டுக்கொண்ட வேலை. சொந்த வேலை ஒன்றும் அவருக்கு உண்டு. அதை எப்போது செய்கிறார் என்பதுதான் யாருக்கும் பிடிபடவில்லை.

எங்கள் அறையில் அவருக்கு மீட்டர் என்று பெயர். எதிரே நின்றால் 'சார்', நகர்ந்துவிட்டால் 'மீட்டர்'. கடைகளுக்குத் தீயணைப்புக் கருவி விற்கிறவர். மற்றவர்கள் ஓர் ஆடிட்டர், கட்டட வரைபடம் போடுகிறவர், மொழிபெயர்ப்பாளர் அக்கா, அப்புறம் ப்ரூஃப் பார்க்கிற நான். ஐந்து மேசை, ஒரே ஜன்னல், ஒரே இணைப்பு. அந்த இணைப்புக்கு மாதாமாதம் ஓர் அளவு உண்டு. அளவு தாண்டினால் வேகம் படுத்துவிடும். அப்புறம் ஒரு மெயில் போவதற்குள் நாம் நடந்தே போய்க் கொடுத்துவிட்டு வந்துவிடலாம்.

ஆரம்பத்தில் அவரும் நம்மைப் போல மனிதர்தான். என்றைக்கோ ஒருநாள் ரௌட்டரின் உட்பக்கத்தைத் திறக்கும் பாஸ்வேர்டு அவர் கையில் கிடைத்தது, அவ்வளவுதான். உள்ளே பார்த்தால், அறையில் உள்ள ஒவ்வொரு லேப்டாப்பும் ஒவ்வொரு ஃபோனும் எவ்வளவு இழுத்தது என்று வரிசையாகப் பட்டியல்! அன்றிலிருந்து திங்கட்கிழமைதோறும் தண்ணீர்க் கேனுக்கு மேலே, சிவப்பு மஞ்சள் பச்சை என்று வண்ணம் பூசிய ஒரு தாள் ஒட்டப்படும். சிவப்பில் பெயர் வந்தவர் அன்றைக்குத் தண்ணீர் குடிக்கக்கூட அந்தப் பக்கம் போகமாட்டார். மீட்டர் இழுத்தது எவ்வளவு என்று கேட்கிறீர்களா? அது பச்சை. தாள் போடுகிறவர் பச்சையில் இல்லாமல் வேறு யார் இருப்பார்கள்?

"தப்பா நினைச்சுக்காதீங்க, பொதுவாத்தான் கேக்கறேன்" என்று ஆரம்பிப்பார். அப்படி ஆரம்பித்தால் யாருடைய கழுத்திலோ கை விழப்போகிறது என்று அர்த்தம். போன மாதம் விழுந்தது ஆடிட்டர் கழுத்தில்.

"நேத்து மத்தியானம் மூணு மணிக்கு என்ன பார்த்தீங்க?"

"ஒண்ணும் பார்க்கலையே சார். ஃபோன் தானா அப்டேட் ஆச்சு."

"தானா ஆகுமா? அதுக்கென்ன கை கால் இருக்கா?"

ஊரார் வரிக் கணக்கையெல்லாம் துருவித் துருவிப் பார்க்கிற மனிதர், ஃபோனைக் கையில் வைத்துக்கொண்டு பள்ளிப் பிள்ளை மாதிரி விழித்தார். எனக்கு உள்ளுக்குள் சிரிப்பு. மாட்டிக்கொண்டது நான் இல்லையே.

இந்த நிலையில், ஒருநாள் யாரோ அவரைக் கேட்காமல் ரௌட்டரை அணைத்துப் போட்டுவிட்டார்கள். மீட்டர் அன்று சாப்பிடவில்லை. மறுநாளே ஒரு குட்டிக் கேமராவை வாங்கிவந்து, அலமாரி மேல் ரௌட்டரைப் பார்த்தபடி மாட்டினார். மூன்று விளக்கு மினுக்குகிற அந்தப் பெட்டியின் நேரடிக் காட்சியைத் தம் ஃபோனில் பார்த்துக்கொண்டேதான் அதன்பிறகு அவருக்குச் சோறு இறங்கியது.

சொல்லிவைத்தாற்போல் அந்த மாதத்திலிருந்து, இருபதாம் தேதிக்குள் அளவு தீர்ந்துபோக ஆரம்பித்தது. பட்டியலில் பெயர் இல்லாத ஏதோ ஒன்று. பெயருக்குப் பதில், கருவியின் அடையாளமாக எழுத்தும் எண்ணுமாக ஒரு நீளமான வால் மட்டும் இருந்தது. எங்கள் ஐந்து பேரையும் சேர்த்தால் வருவதைப்போல இரண்டு மடங்கு அது ஒன்றே விழுங்கிக்கொண்டிருந்தது. இராப்பகலாக!

"திருட்டு ஃபோன். நம்மள்ல யாரோ ரெண்டாவதா ஒண்ணு வச்சிருக்காங்க" என்றார் மீட்டர். சொல்லும்போது அவர் கண் அக்கா மேசைப் பக்கம் போனது. அந்த மேசை ரௌட்டரை ஒட்டி இருந்தது. அது போதாதா?

அக்காவுக்கு இதற்கெல்லாம் நேரமில்லை. பிறப்புச் சான்றிதழையும் நிலப் பத்திரத்தையும் பக்கம் பக்கமாகப் பெயர்த்தே பத்து வருஷம் ஓட்டியவர். இப்போதுதான் நல்ல காலம் எட்டிப்பார்த்தது. பெரிய மருத்துவமனை ஒன்று, மொழி தெரியாத நோயாளிக்கும் டாக்டருக்கும் நடுவில் வீடியோவில் பேச நிரந்தரமாக ஆள் தேடியது. இரண்டு சுற்று தாண்டிவிட்டார். கடைசிச் சுற்று வியாழன் பதினோரு மணிக்கு. "இது மட்டும் கிடைச்சா போதும்டா தம்பி, கொஞ்சம் மூச்சு விட்டுக்குவேன்" என்று அன்று காலையில் என்னிடம் சொன்னார். சொல்லும்போதே கண் கலங்கியது.

மீட்டரும் வியாழன் பதினோரு மணியைத்தான் தேர்ந்தெடுத்திருந்தார். அக்கா ஹெட்ஃபோன் மாட்டிக்கொண்டு தேர்வுக்காக வைத்த யாரோ ஒரு நோயாளியின் முதுகுவலியை டாக்டருக்குச் சொல்லிக்கொண்டிருந்தார். மீட்டர் தொண்டையைக் கனைத்து, "பாருங்க, திருடனை இப்ப வெட்டறேன்" என்று அந்த நீள வாலைத் தடைசெய்தார். பயன்பாடு சரசரவென்று இறங்கியது. ஆடிட்டர் கைகூடத் தட்டினார்.

அடுத்த நிமிஷம் மீட்டர் தம் ஃபோனைப் பார்த்தார். ரௌட்டரின் நேரடிக் காட்சி இல்லை, வெறும் கறுப்பு.

"பார்த்தீங்களா, பார்த்தீங்களா! மாட்டிக்கிட்டதும் கேமராவுல கை வச்சாச்சு! அது பக்கத்துல யார் இருக்கா?"

"சார், அவங்க எந்திரிக்கவே இல்லையே" என்றார் வரைபடக்காரர்.

"விசாரணை முடியட்டும்!" என்று அக்காவின் லேப்டாப்பையும் வெட்டிவிட்டார்.

நான் என்ன செய்தேன் என்று கேட்காதீர்கள். அக்காவுக்கு என்ன நடந்துகொண்டிருக்கிறது என்று அந்த அறையில் தெரிந்த ஒரே ஆள் நான். அக்காவின் வீடியோ ஓடாவிட்டால் என் இணைப்பு வேகமாக ஓடும் என்று ஒரு நொடி நினைத்தேன். அந்த ஒரு நொடி வாயைத் திறக்கவில்லை. இன்றுவரை அதை நினைத்தால் எனக்கு வெட்கமாக இருக்கிறது.

அக்கா ஹெட்ஃபோனைக் கழற்றினார். "ஐயோ, போச்சே!" ஃபோனைத் தூக்கிக்கொண்டு சிக்னல் தேடி மாடிப்படிக்கு ஓடினார். அதற்குள் வரைபடக்காரர் நாற்காலி போட்டு ஏறி, கேமராவைத் திருப்பிப் பின்பக்க ஸ்டிக்கரை ஒவ்வொரு எழுத்தாக வாசித்தார். வாசிக்க வாசிக்க மீட்டர் தம் திரையோடு ஒத்துப் பார்த்தார். பாதியிலேயே இரண்டு பேர் குரலும் இறங்கிவிட்டது. அதே வால். ரௌட்டரைக் காவல் காக்க ரௌட்டர் வழியாகவே இராப்பகலாகப் படம் அனுப்பிக்கொண்டிருந்தது அந்தக் கேமரா.

மீட்டர் ஃபோனைச் சட்டைப் பைக்குள் போட்டார். பிறகு, "பாதுகாப்புக்குப் போற டேட்டா வேற. அதைக் கணக்குல சேர்க்கக் கூடாது" என்றார்.

அக்கா திரும்பி வந்தார். மறுபடி இணைவதற்குள் பத்து நிமிஷம் போய்விட்டது. "நோயாளி பாதி பேசும்போது லைன் போனா என்ன பண்ணுவீங்கன்னு கேட்டாங்க. வேற ஆளைப் பார்த்துக்கறாங்களாம்." யாரையும் திட்டவில்லை. அடுத்த பிறப்புச் சான்றிதழை எடுத்து வைத்துக்கொண்டார். திட்டியிருக்கலாம்.

மீட்டருக்கு மனசாட்சி இல்லை என்று சொல்லாதீர்கள். திங்கட்கிழமை தண்ணீர்க் கேனுக்கு மேலே புதிய தாள்: 'முக்கிய அழைப்பு உள்ளவர்கள் ஒருநாள் முன்பே எழுதித் தெரிவிக்கவும். தவறினால் நிர்வாகம் பொறுப்பல்ல.' நிர்வாகம் யார் என்று யாரும் கேட்கவில்லை. அடியில் எல்லாரும் கையெழுத்துப் போட்டோம். அக்காவும் போட்டார். கேமரா இன்னும் அங்கேயேதான் இருக்கிறது; இப்போது அதற்குப் பட்டியலில் பெயர் வந்துவிட்டது, பச்சையில்.

போகட்டும். தப்பாக நினைத்துக்கொள்ளாதீர்கள், பொதுவாகத்தான் கேட்கிறேன். உங்கள் பக்கத்து மேசைக்காரர் இன்று எத்தனை தடவை டீ குடிக்க எழுந்து போனார்? உங்கள் மகள் கடைசியாக எத்தனை மணிக்கு ஆன்லைனில் இருந்தாள்? அடடே, இரண்டுக்கும் பளிச்சென்று பதில் வைத்திருக்கிறீர்களே! இன்னும் ஒன்றே ஒன்று கேட்டுவிட்டுப் போய்விடுகிறேன்: உங்களை இந்த வேலைக்கு யார் வைத்தது?