உங்கள் தங்கையின் புரதத்தைக் குறைத்தது பற்றி

மதிப்பிற்குரிய பெரிய மச்சான் அவர்களுக்கு,

தங்கள் தங்கையின் கணவன் எழுதிக்கொள்வது. தாங்கள் நலமாகத்தான் இருப்பீர்கள். ஆஸ்பத்திரியையே கலக்கிவிட்டுப் போனவருக்கு என்ன குறை?

டாக்டர் அம்மா சொன்னது உங்கள் காதிலும்தானே விழுந்தது? புற்றுநோய் செல்லுக்கு நெருக்கடி வந்தால், அது செத்துப்போகாமல் தாங்கிப் பிடிக்க ஒரு புரதம் கூடுகிறது. அது அதிகம் என்றால் நோய் முரட்டு நோய். ஆனால் அந்தப் புரதத்தையே குறிவைக்கும் புது மருந்து ஒன்று சோதனையில் இருக்கிறது. அதிகம் உள்ளவர்களுக்குத்தான் தருவார்கள். கட்டட மேஸ்திரியான எனக்கே புரிந்தது. விழ வேண்டிய சுவருக்கு எவனோ முட்டுக் கொடுத்திருக்கிறான். கட்டையை உருவினால் சுவர் விழும். கட்டையே இல்லாவிட்டால் எதை உருவுவது?

உங்கள் தங்கையின் கட்டியில் ஊசி போட்டுத் துண்டெடுத்துப் பார்த்த ரிசல்ட், அதிகம் என்று வந்தது. நான் நர்ஸுக்கு நன்றி சொன்னேன், நீங்கள் வராந்தாவில் உட்கார்ந்து ஓவென்று அழுதீர்கள். அதோட விட்டீங்களா? ஹெட்மாஸ்டராச்சே, தப்பைத் திருத்தாம இருக்க முடியுமா? நான் கேன்டீனுக்குப் போன நேரம் பார்த்து, லேப்காரர்கிட்ட கெஞ்சிக் கூத்தாடி, கட்டியோட வேற துண்டைப் பார்க்க வச்சு, 'குறைவு'ன்னு வாங்கிட்டு வந்து டாக்டர் மேஜையில வச்சீங்க. சொந்தக்காரங்களுக்கெல்லாம் போன் போட்டு நல்ல சேதி வேற! டாக்டர் அம்மா கண்ணாடியக் கழட்டிட்டு, அப்படின்னா மருந்து கிடையாதேன்னாங்க. எனக்கு உயிரே போயிடுச்சு மச்சான். ஒரு மூலையத் தட்டிப் பார்த்துட்டு மொத்தச் சுவரையும் சொல்லலாமான்னு தொண்டை கிழியக் கத்தினேன். அதுக்கப்புறம் ரெண்டுல எது சரின்னு பார்க்க உங்க தங்கச்சி மறுபடியும் ஊசிக்குப் படுத்தா. பல்லைக் கடிச்சுக்கிட்டுப் படுத்தா. இப்ப அதிகம்னு வந்திருக்கு, மருந்து உண்டு. இவ்வளவுக்கும் அவ என்ன சொல்றா தெரியுமா?

"அண்ணனத் திட்டாதீங்க. சின்ன வயசுல எனக்குக் காய்ச்சல்னா, தெர்மாமீட்டர உதறி உதறி, பாரு குறைஞ்சிடுச்சுன்னு காட்டும்."

அந்தக் கை இன்னும் உதறிக்கிட்டே இருக்கு. ஆகவே மருந்து முடியும்வரை தாங்கள் இந்தப் பக்கம் தலைவைத்தும் படுக்க வேண்டாம். எனக்குப் பயம் கியம் ஒன்றும் கிடையாது, தனியாகவே பார்த்துக்கொள்வேன். அக்காவுக்கு வணக்கம், பிள்ளைகளுக்கு ஆசிகள், தங்களுக்கு மட்டும் எதுவும் இல்லை.

கோபம் தீராத,
தங்கள் தங்கை வீட்டுக்காரன்

பி.கு.: வியாழக்கிழமை முதல் மருந்து ஏத்துறாங்க. உள்ள அவளுக்கு மட்டும்தான் இடம். அந்த வராந்தாவுல நான் தனியா எப்படி மச்சான் உக்காருவேன்? புதன்கிழமையே வந்துடுங்க. லேப் பக்கம் மட்டும் கால் வைக்காதீங்க. மத்தபடி எவ்வளவு வேணும்னாலும் அழுங்க, நானும் சேர்ந்துக்கறேன்.