சம்பந்தி அம்மாளின் எடையும் எங்கள் ஜீப்பின் கமான் பட்டையும்

மதிப்புக்குரிய சம்பந்தி அம்மாளுக்கு,

இங்கே நாங்கள் எல்லோரும் சௌக்கியம். அங்கே உங்கள் சௌக்கியத்தையும், முக்கியமாக உங்கள் வீட்டுக்காரர் அண்ணனுடைய முழங்காலின் சௌக்கியத்தையும் அறிய விரும்புகிறேன். ஞாயிற்றுக்கிழமை நீங்கள் எங்கள் வீட்டில் மறந்து வைத்துவிட்டுப் போன குடை பத்திரமாக இருக்கிறது. அதில் ஒரு கம்பி வளைந்திருந்தது, நிமிர்த்தி வைத்திருக்கிறேன். அது எங்கள் வண்டியில் வளைந்ததல்ல, வரும்போதே வளைந்திருந்தது என்பதை மரியாதையோடு தெரிவித்துக்கொள்கிறேன்.

இதைப் போனில் பேசியிருக்கலாமே என்று நீங்கள் நினைக்கலாம். உங்கள் வீட்டில் போனை ஸ்பீக்கரில் போட்டுத்தான் பேசுகிறீர்கள். நான் கேட்கப்போவது ஸ்பீக்கரில் கேட்கக்கூடிய கேள்வி அல்ல. சங்கடமான விஷயம் என்றால் தாளில் எழுதி, மூன்றாக மடித்து, உறையை ஒட்டி அனுப்ப வேண்டும் என்று கான்வென்ட்டில் எங்களுக்குக் கடிதம் எழுதக் கற்பித்த சிஸ்டர் சொல்லியிருக்கிறார். என் கல்யாணத்துக்குச் சம்மதம் சொன்னதையே நான் அப்படித்தான் எழுதி அனுப்பினேன். அதில் எந்தக் குறையும் வரவில்லை.

வருகிற வெள்ளிக்கிழமை, மலைமேல் என் மகள் கட்டியிருக்கும் பாலத்தைத் திறக்கிறார்கள். "எங்க மருமக கட்டின பாலம்" என்று உங்கள் தெருவில் பால்காரர் வரைக்கும் நீங்கள் சொல்லியாயிற்று என்று கேள்விப்பட்டேன். சந்தோஷம். உங்களுக்கு மருமகளாவதற்கு முன்பே அவள் இன்ஜினியராகிவிட்டாள் என்பதையும் பால்காரரிடம் ஒரு வார்த்தை சொல்லிவையுங்கள். அவளுக்குக் கணக்கு சொல்லிக்கொடுத்தவள் நான். சேற்றில் இறங்கச் சொல்லிக்கொடுத்தவர் அவள் அப்பா. அவர் இருந்தவரைக்கும் அந்த ஜீப்பில் அவளைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டு போகாத காடு மேடு கிடையாது. ஆகையால் அந்தப் பாலத்தை நான் போய்ப் பார்ப்பதென்றால் அந்த ஜீப்பில் போய்த்தான் பார்ப்பேன். விழாக்காரர்கள் அனுப்புகிற வேனில், யாரோ குடித்துவிட்டுப் போட்ட தண்ணீர் பாட்டில்கள் காலடியில் உருள, மூன்றாவது வரிசையில் உட்கார்ந்து போக மாட்டேன். இதற்கு என் மகன் ஒரு நிபந்தனை போட்டான். "எல்லாரையும் ஏத்திக்கிட்டு வண்டி மேல போச்சுன்னா சரிம்மா. போகலேன்னா வித்துடலாம். ஆளு ரெடியா இருக்கான்" என்றான். அப்பாவின் வண்டிக்கு ஆள் பார்த்து வைத்துவிட்டு அம்மாவிடம் அனுமதி கேட்கிற பிள்ளை. இருந்தாலும் ஒப்புக்கொண்டேன். நான் பரீட்சைக்குப் பயந்தவள் அல்ல.

வண்டியின் பாரத்தைத் தாங்குகிற பின்பக்கக் கமான் பட்டைகள் களைத்துப்போயிருந்தன என்பது உண்மை. வில் மாதிரி வளைந்திருக்க வேண்டியவை தட்டையாகக் கிடந்தன. எனவே நானே கடைக்குப் போனேன். அந்தக் கடைக்காரரை ஊரில் எல்லோரும் 'ஆகாசம்' என்றுதான் கூப்பிடுகிறார்கள். எந்த வண்டி போனாலும் அதை அரையடி உயர்த்தாமல் அவர் வெளியே விடுவதில்லை. கடை வாசலில் நின்ற வண்டிகளுக்கு அடியில் நான் குனியாமலே போய்வரலாம் போலிருந்தது. என்னைப் பார்த்ததும் ஸ்டூலைத் துடைத்துப் போட்டு, "உக்காருங்கம்மா. நாலு இஞ்ச் தூக்கிடுவோம். சும்மா சிங்கம் மாதிரி நிக்கும்" என்றார். நான் சிங்கத்தின் மேல் ஏறிப் போகிறவள் அல்ல என்றேன். "பயப்படாதீங்க, ஏற ஒரு படி வெச்சுத் தரேன்" என்றார். உயர்த்தினால் திருப்பத்தில் சாயுமே, அதற்கும் ஒரு படி வைப்பீர்களா என்று கேட்டேன். அவர் என்னைப் பார்த்தார், வண்டியைப் பார்த்தார், கடைப் பையனிடம் இரண்டு டீ சொன்னார். "சரி, தூக்க வேணாம். எப்பவும் எவ்வளவு பாரம் ஏத்துவீங்க? அதைச் சொல்லுங்க முதல்ல" என்றார்.

அப்போதுதான் எனக்கு அவர்மேல் மதிப்பு வந்தது. வண்டியோடு வந்த கையேட்டை அகராதி வைத்துக்கொண்டு முதலிலிருந்து கடைசிவரை படித்துவிட்டுப் போயிருந்தேன். அதிலும் அதேதான் எழுதியிருக்கிறது. பட்டையில் மூன்று வகை உண்டாம். வெறும் வண்டிக்கு ஒன்று, நடுத்தரப் பாரத்துக்கு ஒன்று, முழுப் பாரத்துக்கு ஒன்று. பாரத்துக்கு மெல்லிய பட்டையைப் போட்டால் குழிக்குக் குழி அச்சு மேலே வந்து ரப்பர் கட்டையில் இடிக்கும். இருக்கிற பாரத்துக்கு மேல் தடித்த பட்டையைப் போட்டால் அது வளையாது. பட்டை வளையாவிட்டால் நம் முதுகுதான் வளைய வேண்டும். ஷாக் அப்சர்பர் என்னதான் நல்லதாகப் போட்டாலும் பட்டை தப்பானால் எல்லாம் தப்பு. ஆக, இதில் முக்கியம் ஒன்றே ஒன்றுதான்: உண்மையான எடை.

அதனால்தான் உங்கள் எல்லோரையும் கூப்பிட்டுக் கேட்டேன். என் மருமகள் வளையலைக் கழற்றிவிட்டுச் சொல்லவா, போட்டுக்கொண்டு சொல்லவா என்று கேட்டாள். போட்டுக்கொண்டுதானே வரப்போகிறாய் என்றேன். மகன் காலேஜில் படித்தபோது இருந்த எடையைச் சொன்னான். அவன் வயிற்றைப் பார்த்துவிட்டு நானே கொஞ்சம் கூட்டிக்கொண்டேன். அண்ணன் ஆஸ்பத்திரிச் சீட்டைப் பார்த்துச் சொன்னார், அப்படிப்பட்ட மனிதர் அவர். என்னுடையதை மருந்துக்கடை மெஷினில் நின்று பார்த்து, கண்ணாடி, கைப்பை உட்பட எழுதிக்கொண்டேன். நீங்கள் மட்டும், சம்பந்தி அம்மா, "ஒரு ஐம்பத்தெட்டுன்னு போட்டுக்கோங்களேன்" என்றீர்கள். எடை என்பது நாமாகப் போட்டுக்கொள்கிற விஷயமா என்று எனக்கு அப்போதே ஒரு நெருடல். ஆனாலும் சம்பந்தி வாக்கு என்று அப்படியே ஏற்றுக்கொண்டு, மொத்தத்தைக் கூட்டி, நடுத்தரப் பாரத்துப் பட்டையைத் தேர்ந்தெடுத்தேன். ஆகாசம் பூட்டிக் கொடுத்தார். தனியாக ஒரு சுற்று ஓட்டிப் பார்த்த மகனே, "பரவால்லேம்மா, மெத்தை மாதிரி போகுது" என்றான். அவன் வாயிலிருந்து 'பரவாயில்லை' வருவது சாதாரண விஷயமல்ல.

ஞாயிற்றுக்கிழமை நடந்தது உங்களுக்கும் தெரியும், இருந்தாலும் என் பக்கத்திலிருந்து எழுதுகிறேன். வெள்ளிக்கிழமைக்கு ஒத்திகையாக ஐந்து பேரும் ஏறினோம். முன்னால் மகனும் நானும், பின்னால் நடுவில் மருமகள், அவளுக்கு இந்தப் பக்கம் அண்ணன், அந்தப் பக்கம் நீங்கள். தார் ரோடு முடிகிறவரைக்கும் ஒரு சத்தமில்லை, நீங்கள் பால்காரரிடம் சொன்னதையெல்லாம் எங்களுக்கும் சொல்லிக்கொண்டு வந்தீர்கள், கல்பாதை ஆரம்பித்ததும் முதல் குழியில் 'டம்' என்றது, இரண்டாவது குழியில் 'டம் டம்' என்றது, மூன்றாவதில் உங்கள் பேச்சே நின்றுவிட்டது, ஓடைக்குப் பக்கத்துப் பாறையில் அடிப்பாகம் உட்கார்ந்தேவிட்டது. "பட்டை தட்டுதும்மா, நான் அப்பவே சொன்னேன்" என்றான் மகன். அவன் அப்போதே ஒன்றும் சொல்லவில்லை. "அத்தை, நான் வேணா இறங்கி நடக்கட்டுமா?" என்றாள் மருமகள். அவள் நல்ல பெண். நீங்களோ முன்சீட்டில் கைவைத்து எட்டிப்பார்த்து, "பாவம் சம்பந்தி, விடுங்க. அதுக்கும் வயசாச்சு. பேசாம வேன்லயே போயிடலாம்" என்றீர்கள். அந்த 'அதுக்கும்' யாரோடு சேர்த்து என்று நான் அங்கே கேட்கவில்லை. இப்போதும் கேட்கவில்லை.

ஆனால் ஒன்றைக் கவனித்தேன். அண்ணன் இறங்கியபோது வண்டி அசையவே இல்லை. மருமகள் இறங்கினாள், சும்மா ஒரு தலையசைப்பு. கடைசியாக நீங்கள் இறங்கினீர்கள். வண்டி மெதுவாக எழுந்து, பாறையை விட்டு விலகி, ஒரு பெருமூச்சு விட்டது. நான் யாரையும் குற்றம் சொல்லவில்லை, கழித்துப் பார்க்கிறேன், அவ்வளவுதான். அன்று சாயங்காலமே மகனை மருந்துக்கடைக்கு இழுத்துக்கொண்டு போய் மெஷினில் ஏற்றினேன். நான் கூட்டி எழுதியது சரியாகவே இருந்தது. மருமகள் தானாகவே வந்து ஏறினாள், வளையலோடு. அண்ணனைச் சந்தேகப்பட மனம் வரவில்லை. பலமாகக் காற்றடித்தால் அவரை நாம்தான் பிடித்துக்கொள்ள வேண்டும். என்னை நான் சந்தேகப்படுவதில்லை. மிச்சம் யார் என்று நான் எழுத வேண்டியதில்லை.

எடை ஒரு குறையல்ல, சம்பந்தி அம்மா. இந்த வயதில் நாம் நாலு வீட்டுச் சுமையைச் சுமந்தவர்கள், கொஞ்சம் உடம்பிலும் தங்கத்தான் செய்யும். ஆனால் இரும்புக்கு இந்த நியாயமெல்லாம் தெரியாது. பட்டையை ஒரு தடவை மாற்றித் தர ஆகாசம் ஒப்புக்கொண்டிருக்கிறார். வண்டி இப்போது அவர் கடையில்தான் நிற்கிறது. நீங்கள் சொன்னதைவிடக் கொஞ்சம்தான் அதிகம் என்றால், இருக்கிற அடுக்கிலேயே ஒரு பட்டையைக் கூட்டிப் போட்டால் போதும். நிறையவே அதிகம் என்றால் முழுப் பாரத்துக்கான அடுக்கைப் போட வேண்டும். எது என்று நீங்கள்தான் சொல்ல வேண்டும். தப்பாகப் போட்டு, வெள்ளிக்கிழமையும் வண்டி அந்தப் பாறையில் உட்கார்ந்தால், அவள் அப்பாவின் வண்டி அன்றைக்கே யாரோ ஒருவன் வாசலுக்குப் போய்விடும். என் மகள் பாலத்தின் அந்த முனையில் நின்று எந்த வண்டி வருகிறதென்று பார்த்துக்கொண்டிருப்பாள். வேனிலிருந்து அவள் முன்னால் இறங்க எனக்கு மனமில்லை.

ஆகவே தயவுசெய்து ஒரு மெஷினில் ஏறி, சுவரைப் பிடித்துக்கொள்ளாமல் நின்று, வருகிற எண்ணை ஒரு துண்டுத்தாளில் எழுதி, உறையில் போட்டு ஒட்டி, இந்தக் கடிதத்தைக் கொண்டுவரும் என் மருமகளிடமே கொடுத்தனுப்புங்கள். நான் மட்டும்தான் படிப்பேன். ஆகாசத்திடம் மொத்தத்தை மட்டும் சொல்வேன். படித்ததும் கிழித்துவிடுவேன்.

அண்ணனுக்கு என் வணக்கம். உங்கள் மகனுக்கு என் ஆசிகள். பாலம் கட்டுகிறவளுக்கு வேளாவேளைக்குச் சாப்பாடு எடுத்துக்கொண்டு போய்க் கொடுக்கிற மாப்பிள்ளை லேசில் கிடைக்க மாட்டார், அந்தப் பெருமை முழுவதும் உங்களைச் சேர்ந்தது. நம் இரண்டு வீடும் நோய்நொடி இல்லாமல் நீடூழி விளங்க வேண்டும்.

இப்படிக்கு,
மிகுந்த மரியாதையுடன்,
உங்கள் மருமகளின் தாயார்

பின்குறிப்பு: உறையை ஒட்டப்போகும் நேரத்தில் ஆகாசம் நேரிலேயே வந்தார். பட்டையைக் கழற்றுவதற்காகப் பின்சீட்டைத் தூக்கியிருக்கிறார்கள். அடியில் ஒரு இரும்புப் பெட்டி. அது இருப்பதே வீட்டில் யாருக்கும் தெரியாது. உள்ளே இழுவைச் சங்கிலி, இரண்டு ஜாக்கி, ஒரு கடப்பாரை, உலகத்தில் உள்ள போல்ட்டு நட்டில் பாதி. என்றைக்காவது உதவும் என்று என் கணவர் சேர்த்துவைத்தது. கடைத் தராசில் வைத்துப் பார்த்தார்களாம். ஏறக்குறைய ஒரு ஆள் எடை. "பெட்டியை இறக்கிட்டா நீங்க எடுத்த பட்டையே போதும்மா, எதையும் மாத்த வேணாம்" என்றார். ஆகவே நான் தேர்ந்தெடுத்தது முதலிலிருந்தே சரி. நீங்கள் எடை எழுதி அனுப்ப வேண்டியதில்லை. அதற்காக நீங்கள் சொன்ன ஐம்பத்தெட்டு சரி என்று ஆகிவிடாது. கடிதத்தைக் கிழித்துவிட்டு வேறு எழுதலாம்தான். ஒரு அடித்தல் திருத்தல் இல்லாமல் இவ்வளவு தூரம் வந்துவிட்டது, மனம் வரவில்லை.

பெட்டியை இறக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். முழுப் பாரத்துக்கான பட்டையே போடச் சொல்லியிருக்கிறேன். வெள்ளிக்கிழமை நீங்கள் உங்கள் பழைய இடத்திலேயே உட்காருங்கள். மேலே போய்ச் சேர்ந்ததும், உன் அப்பாவும் வந்திருக்கிறார் என்று நீங்களே அவளிடம் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள், சம்பந்தி அம்மா. எனக்கு அப்படியெல்லாம் பேச வராது.