பெண் வீட்டு ரத்தம்

சொந்தக் கையால் முன்னுக்கு வந்தவனிடம் ஒரு கெட்ட குணம் உண்டு. லாபம் வந்தால் தன் சாமர்த்தியம் என்பான். நட்டம் வந்தால் எவன் கை வைத்தான் என்று தேடுவான். இளவட்டமாக இருந்த அறுபதுகளில் நான் அப்படித்தான் திரிந்தேன். அந்தப் பயல் இன்று என் எதிரே வந்தால் செவிட்டில் ஒன்று வைப்பேன்.

மூன்றாம் வகுப்போடு சரி என் படிப்பு. தீப்பெட்டிக் கட்டுகளைத் தலையில் சுமந்து, தாயில்பட்டிப் பக்கம் சொந்தப் பட்டாசுக் கம்பெனி போட்டவன் நான். (யாரிடமும் கைகட்டி நின்றதில்லை. விசாரித்துப் பாருங்கள்.) அக்கா மகள் ராஜத்தையே கட்டினேன். முதல் பிள்ளை செல்வி பால் குடிக்கும்போதெல்லாம் மூச்சு வாங்கினாள். விருதுநகர் ஆஸ்பத்திரிக்கு மதுரையிலிருந்து வந்துபோகும் டாக்டரம்மா நெஞ்சில் குழாயை வைத்துக் கேட்டுவிட்டு, "இருதயத்துக்குள்ள நடுச்சுவர்ல ஒரு ஓட்டை இருக்கு. பிறக்கும்போதே உள்ளது" என்றார்.

என் பிள்ளைக்கு ஓட்டையா! அன்றைக்கு இருந்த கோபத்தில் என்னைக் கம்பெனிக்குள் விட்டிருந்தால் வெடிமருந்து பற்றிக்கொண்டு லைசென்ஸே போயிருக்கும்.

டாக்டரம்மா பொறுமையாகச் சொன்னார். கருவில் இருதயம் முதலில் வெறும் குழாய்தானாம். பிறகு அது மடங்கி, உள்ளே சுவர் எழும்பி அறை அறையாகப் பிரியுமாம். அந்தச் சுவர் சில குடும்பங்களில் மட்டும் திரும்பத் திரும்ப அரைகுறையாக நிற்கிறதா, சொந்தத்தில் கட்டுவதற்கும் அதற்கும் சம்பந்தம் உண்டா என்று அவர் ஆராய்ச்சி செய்கிறாராம்.

"இன்னும் யாருக்கும் சரியாத் தெரியாது. ரெண்டு பக்கத்துச் சொந்தக்காரங்களையும் கூட்டிட்டு வாங்க. எல்லார் நெஞ்சையும் கேக்கணும்."

ரெண்டு பக்கமா? எங்கள் பக்கம் எதற்கு? வீட்டுக்கு வந்ததும் ராஜத்திடம் பாய்ந்தேன்.

"எங்க வம்சத்துல ஒருத்தனுக்கு இருமல்கூடக் கிடையாது. இது உங்க வீட்டு ரத்தம்! டாக்டரம்மா வாயால அது வரட்டும், அன்னைக்கே உன்னைய உங்கம்மா வீட்டுல கொண்டு விட்டுருவேன்."

பிள்ளையை மடியில் போட்டிருந்தவள் நிமிர்ந்து பார்த்தாள். "விடுங்க மாமா. பிள்ளையும் என்கூடத்தான் வரும்" என்றாள். சொன்னதோடு நிற்கவில்லை, துணிமணிகளைப் பெட்டியில் அடுக்கியும் வைத்துவிட்டாள்.

டாக்டரம்மா வரும் நாளில் கம்பெனி லாரியில் லோடு ஏற்றவில்லை. பெண் வீட்டை ஏற்றினேன். ராஜத்தின் அப்பா, அதாவது என் அத்தான், அவர் தம்பிமார், தங்கச்சிமார் எல்லாரும் ஏறினார்கள். என் அக்காவும் ஏறினாள். அவள்தானே பெண்ணைப் பெற்றவள்! எங்கள் பக்கத்து ஆள் ஒருத்தரைக்கூடக் கூப்பிடவில்லை. வழியெல்லாம் அக்கா கத்திக்கொண்டே வந்தாள்.

"ஏலே, வெடி புஸ்ஸுன்னு போனா மருந்து கலந்தவனக் கேக்கணும். அடுக்கின பெட்டிய எதுக்குலே வைய்யிற?"

ஆஸ்பத்திரியில் ஒவ்வொருவராகக் கேட்டார் டாக்டரம்மா. அத்தான் வீட்டு ஆட்கள் ஒருத்தருக்கும் குறையில்லை. அத்தான் மீசையை நீவிக்கொண்டு, "என்ன மாப்ளே, எங்க வீட்டுச் சரக்கு பூராம் பாஸாயிருச்சு போல?" என்றார். கடைசியாக அக்கா. அவளுக்கும் ஒன்றுமில்லை.

டாக்டரம்மா காகிதத்தில் வம்சாவளிப் படமாக ஆணுக்குக் கட்டமும் பெண்ணுக்கு வட்டமும் போட்டுக்கொண்டே, "உங்க பக்கத்து ஆளுங்க எங்க?" என்று கேட்டார்.

"எங்க பக்கம் குறையே கிடையாதும்மா. பொண்ணு வீட்டு ஆளுக அம்புட்டுப் பேரும் இங்கன இருக்காக. நல்லாப் பாருங்க."

"இந்தம்மா யாரு?"

"பொண்ணோட அம்மா."

"உங்களுக்கு என்ன வேணும்?"

"கூடப் பிறந்த அக்கா."

பென்சிலைக் கீழே வைத்தார். "அப்ப உங்க சம்சாரத்துக்குப் பாதி உங்க வீட்டு ரத்தம்தானே? நீங்க எந்த வீட்டைத் திட்டிக்கிட்டு இருக்கீங்க?"

வராந்தாவே சிரித்தது. எனக்கு வந்ததே கோபம்! என் சட்டையைப் பிடித்து இழுத்தேன், பொத்தான்கள் தெறித்தன. "மூட்டை சுமந்த நெஞ்சும்மா இது! கேளுங்க!"

கேட்டார். குழாயை இடம் மாற்றிக் கேட்டார். நர்ஸைக் கூப்பிட்டு அவரையும் கேட்கச் சொன்னார். (நம்ம நெஞ்சைக் கேட்க எத்தனை பேர் ஆசைப்படுகிறார்கள் பார் என்று நான் அத்தானை முறைத்தேன்.)

"உங்களுக்கும் அதே இடத்துலதான் ஓட்டை" என்றார் டாக்டரம்மா.

"பொய்! ஓட்டைய வச்சுக்கிட்டா இம்புட்டுப் பெரிய கம்பெனி நடத்துறேன்?"

"சின்ன ஓட்டைதான், ஒண்ணும் செய்யாது. சின்னதுங்கிறதாலதான் ரத்தம் பீய்ச்சி அடிக்குது. இந்த மாதிரி ஓட்டை சிறுசா இருந்தா சத்தம் பெருசா இருக்கும்."

பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு நின்ற ராஜம், "அது எங்களுக்கு முன்னாலயே தெரியும் டாக்டரம்மா" என்றாள்.

என்னிடமிருந்துதான் பிள்ளைக்கு வந்தது என்று அவரும் அடித்துச் சொல்லவில்லை. செல்வியின் ஓட்டை கொஞ்சம் பெரியதுதான், ஆனாலும் வளர வளரத் தானாக மூடலாம் என்றார். பள்ளிக்கூடம் போகும் வயசுக்குள் மூடியும்விட்டது. என் வாய் அன்றைக்கே மூடியது. திரும்பும்போது ராஜம் பிள்ளையோடு டிரைவர் பக்கத்தில் ஏறி உட்கார்ந்தாள். பின்னால் அத்தான் வீட்டாருக்கு நடுவே நின்றுகொண்டு வந்தேன், பொத்தானில்லாத சட்டையோடு. "ஏலே, இப்ப யார எங்கன கொண்டு விடணும்?" என்று அக்கா ஊர் வரைக்கும் கேட்டுக்கொண்டே வந்தாள்.

பிள்ளைக்கு ஒரு குறை என்றால் பெற்றவள் வீட்டைக் கைகாட்டும் தடியன்கள் இன்றும் இருக்கிறார்கள். என் வீட்டுக்கு வந்து அப்படிப் பேசியவனை வாசலிலேயே பிடித்துச் சத்தம் போட்டுக் கிழித்துவிடுவேன். தெருவே திரும்பிப் பார்க்கும். எங்கள் வீட்டில் மட்டும் யாரும் எட்டிக்கூடப் பார்ப்பதில்லை. பயந்துபோய்க் கேட்கும் புது மருமகளிடம் ராஜம் உள்ளேயிருந்து சொல்லுவாள்:

"ஒண்ணுமில்ல தாயி. ஓட்டை சிறுசு."