எழுபத்தொரு வயதுத் தம்பி

பல் தேய்க்கும்போது எனக்கு வயது அறுபத்திரண்டு. காப்பி குடித்து முடிக்கையில் எழுபத்தொன்று. இப்படி ஒரே மடக்கில் மூத்துப்போன ஆசாமி உலகத்திலேயே நான் ஒருவன்தான்.

எல்லாம் ஓர் ஊசியால் வந்த வினை. முதலையின் வாயை வெறுங்கையால் பிளந்தவன் நான். (முதலையே ஒப்புக்கொள்ளும்; இப்போது உயிரோடில்லை.) ஊசியைக் கண்டால் மட்டும் கட்டிலுக்கடியில் ஒளிந்துகொள்வேன்.

"புராஸ்டேட் புற்றுநோய்க்கு ஒரு ரத்தப் பரிசோதனைதாங்க. உங்க அண்ணனுக்கு வந்ததுல இருந்து எனக்குத் தூக்கமே இல்ல," என்றாள் மனைவி.

"அண்ணனுக்கு வந்ததை அண்ணன் பார்த்துக்கட்டும்."

"பத்து மணிக்குக் கிளம்பறோம்."

பக்கத்து வீட்டு மருந்துக்கடைக்காரரைத் துருவினேன். அந்த வியாதி வயசு கேட்டுத்தான் வருமா?

"ஐம்பத்தஞ்சுல இருந்து அறுபத்தொன்பது வரைக்கும் டாக்டரோட பேசி முடிவு பண்ணலாம். கூடப் பிறந்தவங்களுக்கு இருந்தா இன்னும் முன்னாடியே பேசணும். எழுபது தாண்டினா பெரும்பாலும் வேண்டாம்பாங்க."

"அது ஏன்?"

"பலருக்கு மெதுவாத்தான் வளரும். அது நம்மளைப் பிடிக்கறதுக்குள்ள நாம போய்ச் சேர்ந்துடுவோம்."

அடடா, எழுபதில் இப்படியொரு சலுகையா! அவருடைய கைத்தடியையும் இரவல் வாங்கிக்கொண்டேன்.

ஆஸ்பத்திரி வாசலில் மனைவி, "நீங்க உள்ள போங்க, இதோ வரேன்," என்றாள். அதிர்ஷ்டம்!

டாக்டர் சின்னப் பெண். "வயசு என்ன ஐயா?"

இருமினேன். "எழுபத்தொண்ணும்மா."

"கூடப் பிறந்தவங்க யாருக்காவது இது இருந்ததா?"

"கூடப் பிறந்தவங்களே கிடையாது. ஒத்தைப் பிள்ளை."

"அப்ப உங்களுக்கு இது தேவைப்படாது," என்று பேனாவை மூடினார். கதவு திறந்தது. மனைவி. அவள் பின்னால் என் அண்ணன்!

"டாக்டர், இவர்தான் என் வீட்டுக்காரரோட அண்ணன். போன வருஷம் ஆபரேஷன் ஆச்சு."

"உங்க வயசு?"

"அறுபத்தாறு," என்றார் அண்ணன்.

டாக்டர் என் பக்கம் திரும்பினார். "தம்பிக்கு எழுபத்தொண்ணா?"

"நான் கொஞ்சம் வேகமா வளர்ந்துட்டேம்மா."

மனைவி சிரிக்கவில்லை. "இவர் அண்ணனும் இப்படித்தான் ரெண்டு வருஷம் தள்ளிப்போட்டார், டாக்டர்," என்றாள். குரல் லேசாக உடைந்தது. முதலைக்கு அசராத எனக்கு அது தாங்கவில்லை. கைத்தடியை மூலையில் சாத்திவிட்டு, சட்டைக்கையை மடித்தேன்.

"உண்மையைச் சொல்லிடறேம்மா. அறுபத்திரண்டு."

"அறுபத்து மூணு, டாக்டர்," என்றாள் மனைவி. "கல்யாணத்தப்பவே ஒண்ணு குறைச்சுத்தான் சொன்னார்."